வர்க்கமூலச் சமன்பாட்டில் வேண்டாத விடை எங்கிருந்து வருகிறது?

வர்க்கமூலம் கலந்த ஒரு சமன்பாட்டைத் தீர்க்கிறோம். கூட்டலிலும் பெருக்கலிலும் பிழை இல்லை, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து ஒழுங்காகவே பிறக்கிறது. கடைசியில் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. பாடநூலின் விடைப் பக்கத்திலோ ஒன்றுதான் இருக்கிறது. மற்றது என்னவாயிற்று என்று கேட்டால், "சரிபார்த்தால் பொருந்தவில்லை, விட்டுவிடு" என்பார்கள். பொருந்தவில்லை என்பது பிரதியிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிழையில்லாத கணக்கிலிருந்து பொருந்தாத விடை எப்படி வந்தது என்பதற்குத்தான் பதில் கிடைப்பதில்லை.

இதையொட்டிய இன்னொரு வாக்குவாதம் சமூக ஊடகங்களில் அடிக்கடி கிளம்பும். √9 என்பது 3 மட்டுமா, அல்லது 3, −3 இரண்டுமா? இரண்டு குழப்பங்களும் ஒரே இடத்தில் முளைக்கின்றன. அந்த இடத்தைப் பிடித்துவிட்டால், எந்த விடையைத் தள்ள வேண்டும் என்பதோடு, தள்ளப்பட்ட விடை உண்மையில் யாருடையது என்பதும் தெரிந்துவிடும்.

தெரியாத எண்ணைப் பாடநூல்கள் 'எக்ஸ்' என்று குறிப்பதுபோல, இங்கே அதைத் 'த' என்ற எழுத்தால் குறிப்போம்.

அடிப்படை: மூலங்கள் இரண்டு, குறி சுட்டுவது ஒன்றை

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 9 கிடைக்கும்? 3 ஒன்று, −3 இன்னொன்று. ஆகவே 9 என்ற எண்ணுக்கு வர்க்கமூலங்கள் இரண்டு. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மிகை எண்ணுக்கு மிகையாக ஒன்றும் குறையாக ஒன்றுமாக இரண்டு வர்க்கமூலங்கள் உண்டு என்றும், குறையெண்ணுக்கு வர்க்கமூலமே இல்லை என்றும் 12ஆம் நூற்றாண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர் எழுதிவைத்துவிட்டார்.

√ என்ற குறி வேறு சங்கதி. அது அந்த இரண்டில் குறையாக இல்லாத ஒன்றை மட்டும் சுட்டுகிறது. √9 = 3. மற்றது வேண்டுமானால் −√9 என்று எழுத வேண்டும், இரண்டும் வேண்டுமானால் ±√9. இது வெறும் வழக்கம்தானே, மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். வழக்கம்தான், ஆனால் காரணத்தோடு வந்த வழக்கம். √ தானாகவே இரண்டு மதிப்புகளையும் குறிக்குமென்றால், √9 + √16 என்பது 7, 1, −1, −7 என்ற நான்கில் எதுவாகவும் இருக்கலாம். ஒரு கூட்டலுக்கு நான்கு விடை என்றால் அந்தக் குறியை வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட முடியாது. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் √ குறிக்கு முன்னால் ± போடுகிறோமே, அந்தக் ± அங்கே நிற்பதே √ தனியாக ஒரு மதிப்பைத்தான் தரும் என்பதற்குச் சாட்சி.

(இந்தக் குறி அச்சில் வந்தது 1525இல், கிறிஸ்டோஃப் ருடால்ஃப் என்ற ஜெர்மானியரின் இயற்கணித நூலில். உள்ளே இருக்கும் கோவை எதுவரை நீள்கிறது என்று காட்டும் மேற்கோடு 1637இல் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் எழுதியதில் சேர்ந்தது. இணையத்தில் மேற்கோடு போட வசதியில்லாததால் அடைப்புக்குறி போட்டுச் சமாளிக்கிறோம்.)

இனி வரும் எல்லாவற்றுக்கும் மூன்று செய்திகள் போதும்.

1. மெய்யெண்களுக்குள் √அ பொருள்பட வேண்டுமானால் அ சுழியமாகவோ மிகையாகவோ இருக்க வேண்டும்.
2. √அ ஒருபோதும் குறையெண் ஆகாது.
3. √(அ²) எல்லா நேரத்திலும் அ-வாகவே இருப்பதில்லை, அது அ-வின் மட்டு மதிப்பு, அதாவது குறியை நீக்கிய அளவு. அ = −4 என்றால் √(அ²) = √16 = 4.

இரண்டாவது செய்தியை மட்டும் வைத்தே சில கணக்குகளை எழுதாமலே முடித்துவிடலாம். √த + 5 = 2 என்று ஒரு கேள்வி. 5-ஐ வலப்பக்கம் கொண்டுபோனால் √த = −3. வர்க்கமூலம் குறையெண் ஆகாது. தீர்வு இல்லை, கணக்கு முடிந்தது. இதை உணராமல் வர்க்கப்படுத்தினால் த = 9 என்று ஒரு விடை வந்து நிற்கும். பிரதியிட்டால் 3 + 5 = 8, 2 அல்ல.

வர்க்கப்படுத்தும்போது நடப்பது என்ன?

5 = −5 என்பது பொய். இருபக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் 25 = 25, இது மெய். விஷயம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. வர்க்கம் குறியை அழித்துவிடுகிறது. அழிந்த குறியைப் பின்னால் யாராலும் மீட்க முடியாது.

இதையே இயற்கணிதமாகச் சொல்வோம். அ = ஆ என்றால் அ² = ஆ² என்பது உறுதி. மறுதலை உறுதியல்ல. அ² = ஆ² என்பதை (அ − ஆ)(அ + ஆ) = 0 என்று காரணிப்படுத்தினால் இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன. ஒன்று அ = ஆ, மற்றது அ = −ஆ. நாம் ஒரு சமன்பாட்டை வர்க்கப்படுத்தினோம் என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு சமன்பாடுகளை ஒன்றாகக் கட்டிவிட்டோம். இரண்டாவதை இனி 'எதிர்க்குறிச் சமன்பாடு' என்று அழைப்போம்.

எடுத்துக்காட்டு: √(2த + 15) = த.

வர்க்கப்படுத்தினால் 2த + 15 = த². அதாவது த² − 2த − 15 = 0. காரணிப்படுத்தினால் (த − 5)(த + 3) = 0. எனவே த = 5 அல்லது த = −3.

- த = 5: இடப்பக்கம் √25 = 5, வலப்பக்கம் 5. பொருந்துகிறது.
- த = −3: இடப்பக்கம் √9 = 3, வலப்பக்கம் −3. பொருந்தவில்லை.

−3 எங்கிருந்து வந்தது? எதிர்க்குறிச் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்: −√(2த + 15) = த. இதில் −3 பிரதியிட்டால் −√9 = −3. கச்சிதமாகப் பொருந்துகிறது. −3 பொய்யான விடை அல்ல, வேறொரு கேள்விக்கு மெய்யான விடை. வர்க்கப்படுத்திய வரியைப் பார்த்து எது யாருடைய விடை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டு கேள்விகளுக்கும் அந்த வரி ஒன்றேதான். இப்படி வந்து சேரும் விடையைப் புறம்பான தீர்வு என்கிறோம்.

வரைபடத்தில் இது இன்னும் தெளிவு. √(2த + 15) என்பதன் வரைபடம் பக்கவாட்டில் சாய்ந்த ஒரு பரவளையத்தின் மேல் பாதி மட்டும். வர்க்கப்படுத்தியதும் கீழ்ப் பாதியும் சேர்ந்து முழுப் பரவளையமாகிவிடுகிறது. வலப்பக்கத்தின் நேர்கோடு மேல் பாதியை வெட்டும் புள்ளி 5, கீழ்ப் பாதியை வெட்டும் புள்ளி −3.

இதனால் 'சரிபார்த்தல்' என்ற சொல்லுக்கே இங்கே எடை கூடுகிறது. சாதாரண ஒருபடிச் சமன்பாட்டில் விடையைப் பிரதியிட்டுப் பார்ப்பது நம் கைத்தவறைக் கண்டுபிடிக்க. தவறே செய்யாதவர் அதைத் தாண்டிப் போகலாம். வர்க்கமூலச் சமன்பாட்டில் கணக்கு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் புறம்பான தீர்வு வரும். ஆகவே சரிபார்த்தல் இங்கே தீர்வின் ஓர் உறுப்பு. அதை எழுதாத விடைத்தாளில் கடைசி வரி விடுபட்டிருக்கிறது என்றுதான் பொருள். வகுப்பறைகளில் இதை ஒரு சடங்காகச் சொல்லிக்கொடுப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

எதை வைத்துத் தள்ளுவது? இரண்டு தவறான குறுக்குவழிகள்

*"குறையெண் விடை வந்தால் தள்ளிவிடு."* பரவலாக நம்பப்படுவது, முற்றிலும் தவறு. √(த + 6) = −த என்ற சமன்பாட்டைப் பாருங்கள். வர்க்கப்படுத்தினால் த² − த − 6 = 0, விடைகள் 3, −2. த = 3 என்றால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. த = −2 என்றால் இடப்பக்கம் √4 = 2, வலப்பக்கம் −(−2) = 2. இங்கே மிகை எண்தான் புறம்பானது, குறையெண்தான் தீர்வு. த-வின் குறி நமக்குப் பொருட்டே அல்ல. √ குறி தனியாக நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குறையாகிறதா என்பதே பொருட்டு.

*"மூலக்குறிக்குள் குறையெண் வந்தால் மட்டும் தள்ளினால் போதும்."* இது இன்னும் நயமான தவறு, ஏனென்றால் பாதி உண்மை. முதல் எடுத்துக்காட்டில் த = −3 என்றபோது மூலக்குறிக்குள் 9 இருந்தது. மிகை எண், குறையே இல்லை. ஆனாலும் விடை புறம்பானது. கொஞ்சம் யோசித்தால் இது தற்செயல் அல்ல என்று தெரியும். √அ = ஆ என்ற அமைப்பில் வர்க்கப்படுத்திய பிறகு அ = ஆ² ஆகிவிடுகிறது. ஆ² ஒருபோதும் குறையெண் ஆகாது, எனவே கிடைக்கும் மெய்யெண் விடை எதுவானாலும் அ தானாகவே சுழியமாகவோ மிகையாகவோதான் இருக்கும். மூலக்குறிக்குள் பார்ப்பது இந்த அமைப்பில் எதையும் பிடிக்காது!

ஆகவே சரியான விதி இதுதான்: √அ = ஆ என்பது 'அ = ஆ², மற்றும் ஆ ≥ 0' என்ற இரண்டுக்கும் முற்றிலும் சமம். இரண்டாவது நிபந்தனையைச் சேர்த்து எழுதிவிட்டால் வர்க்கப்படுத்தலில் எதுவும் புதிதாக நுழைவதில்லை, பிரதியிட்டுப் பார்க்கவும் தேவையில்லை. விடை அசிங்கமான முறுடாக, அதாவது மூலக்குறி நீங்காத எண்ணாக, வரும்போது இதன் அருமை தெரியும். √(2த + 5) = த − 1 என்பதை வர்க்கப்படுத்தினால் த² − 4த − 4 = 0, த = 2 ± 2√2. இதைத் திரும்ப மூலக்குறிக்குள் பிரதியிடுவது தலைவலி. த − 1 ≥ 0, அதாவது த ≥ 1 என்ற நிபந்தனை இருந்தால் ஒரு நொடி வேலை: 2 + 2√2 ஏறக்குறைய 4.83, நிற்கிறது. 2 − 2√2 ஏறக்குறைய −0.83, போகிறது.

இரண்டு பக்கமும் மூலக்குறி இருந்தால் கதை மாறும். √(2த − 5) = √(த − 3) என்பதை வர்க்கப்படுத்தினால் த = 2. பிரதியிட்டால் இருபக்கமும் √(−1). மெய்யெண்களில் அதற்குப் பொருளில்லை, எனவே தீர்வு இல்லை. இங்கே மூலக்குறிக்குள் பார்க்கத்தான் வேண்டும். இரண்டாவது குறுக்குவழியைப் பாதி உண்மை என்றது இதனால்தான்.

தீர்க்கும் முறை

1. மூலக்குறி உள்ள உறுப்பைத் தனிமைப்படுத்துக. ஒரு பக்கம் அது மட்டும், மற்றதெல்லாம் மறுபக்கம்.
2. மறுபக்கம் குறையாகக் கூடாது என்ற நிபந்தனையை அப்போதே ஓரத்தில் எழுதிக்கொள்க.
3. வர்க்கப்படுத்துக. இன்னும் மூலக்குறி எஞ்சியிருந்தால் மீண்டும் 1-இலிருந்து தொடங்குக.
4. கிடைக்கும் பல்லுறுப்புச் சமன்பாட்டைத் தீர்த்து, நிபந்தனையோடு ஒப்பிடுக, அல்லது தொடக்கச் சமன்பாட்டில் பிரதியிடுக. இடையில் வந்த வரியில் பிரதியிடுவது பயனற்றது. புறம்பான தீர்வு அந்த வரிகளில் பொருந்திவிடக்கூடும்.

முதல் படியைத் தாண்டினால் என்னாகும்? √(த + 3) + 3 = த என்பதை அப்படியே வர்க்கப்படுத்தினால் இடப்பக்கம் த + 3 + 6√(த + 3) + 9 ஆகிறது. மூலக்குறி ஒழியவில்லை, செய்த வேலை வீண். இதைவிட மோசம், உறுப்பு உறுப்பாக வர்க்கப்படுத்தி த + 3 + 9 = த² என்று எழுதுவது. கூட்டுத்தொகையின் வர்க்கம் வர்க்கங்களின் கூட்டுத்தொகை அல்ல: (3 + 4)² = 49, 9 + 16 = 25.

தனிமைப்படுத்திச் செய்தால் √(த + 3) = த − 3, நிபந்தனை த ≥ 3. வர்க்கப்படுத்தினால் த² − 7த + 6 = 0, விடைகள் 6, 1. நிபந்தனைப்படி 6 மட்டும்.

இதையே பிரதியிடல் முறையிலும் செய்யலாம். எனக்கு இதுவே பிடித்த வழி, ஏனென்றால் புறம்பான தீர்வு உள்ளே நுழையும் கதவு இதில் கண்ணெதிரே தெரிகிறது. √(த + 3) = ச என்று வைத்துக்கொண்டால் த = ச² − 3. சமன்பாடு ச + 3 = ச² − 3, அதாவது ச² − ச − 6 = 0. ச = 3 அல்லது −2. ச என்பது ஒரு வர்க்கமூலம், குறையாகாது. எனவே −2-ஐ இங்கேயே, வர்க்கப்படுத்துவதற்கு முன்பே நிறுத்திவிடலாம். ச = 3 என்றால் த = 6. நிறுத்தாமல் −2-ஐயும் உள்ளே விட்டிருந்தால் த = 4 − 3 = 1, முன்பு பார்த்த அதே புறம்பான தீர்வு.

இரண்டு மூலக்குறிகள்

√(2த + 3) − √(த − 2) = 2.

ஒரு மூலத்தை மறுபக்கம் அனுப்புவோம்: √(2த + 3) = 2 + √(த − 2). வர்க்கப்படுத்தினால் 2த + 3 = 4 + 4√(த − 2) + த − 2. சுருக்கினால் த + 1 = 4√(த − 2). மீண்டும் வர்க்கப்படுத்தினால் த² + 2த + 1 = 16த − 32, அதாவது த² − 14த + 33 = 0. விடைகள் 3, 11.

பிரதியிடுவோம். த = 3: √9 − √1 = 2. த = 11: √25 − √9 = 2. இரண்டுமே சரி! இரண்டு முறை வர்க்கப்படுத்தியும் புறம்பான தீர்வு ஒன்றுகூட வரவில்லை. வர்க்கப்படுத்தினால் புறம்பான தீர்வு வரலாம், வந்தே தீரும் என்பதில்லை.

இப்போது நடுவில் உள்ள கழித்தல் குறியை மட்டும் கூட்டலாக்குங்கள்: √(2த + 3) + √(த − 2) = 2. அதே படிகள், அதே இருபடிச் சமன்பாடு, அதே 3, 11. பிரதியிட்டால் 3 + 1 = 4, 5 + 3 = 8. இரண்டுமே தவறு, இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை.

காரணம் முன்பு பார்த்ததேதான், அளவில் பெரிது. இரண்டு மூலக்குறிகள் இருந்தால் குறிகளை மாற்றி மாற்றி நான்கு சமன்பாடுகள் எழுதலாம். நான்கும் வர்க்கப்படுத்தலுக்குப் பிறகு த² − 14த + 33 = 0 என்ற ஒரே சமன்பாட்டில் வந்து சேர்கின்றன. அதன் இரண்டு தீர்வுகளும் நால்வரில் ஒருவருக்கே சொந்தமாகிவிட்டன, மற்ற மூவருக்கும் வெறுங்கை. மூன்று மூலக்குறிகள் என்றால் இப்படி எட்டுச் சமன்பாடுகள், உள்ளே இருப்பவை ஒருபடிக் கோவைகளாக இருந்தாலே நாற்படிச் சமன்பாடு வரை போகக்கூடும்.

இரு மூலக்குறிகளுக்குள் உள்ள கோவைகளின் வித்தியாசம் மாறிலியாக இருந்தால் வர்க்கப்படுத்தாமலே தப்பிக்க ஒரு வழி உண்டு. √(த + 9) + √த = 9 என்பதை எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் பெருக்கினால் (த + 9) − த = 9. கூட்டுத்தொகை 9 என்றால் √(த + 9) − √த = 1. இரண்டு வரிகளையும் கூட்டினால் 2√(த + 9) = 10, த = 16. சரிதான்: 5 + 4 = 9. இந்த வழியும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தக்கதல்ல. வலப்பக்கம் 9-க்குப் பதில் 1 என்று மாற்றினால் வித்தியாசம் 9 ஆகும், கூட்டினால் மீண்டும் த = 16. ஆனால் அதே வரிகளைக் கழித்துப் பார்த்தால் √த = −4 என்று வரும். இடப்பக்கத்தின் மிகக் குறைந்த மதிப்பே 3, அது 1 ஆக வழியில்லை.

தீர்வு தொலைந்துபோவதும் உண்டு

வேண்டாதது சேர்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், வேண்டியது காணாமல் போவது பலர் கவனத்துக்கு வருவதில்லை. த = 3√த என்பதில் இருபக்கத்தையும் √த ஆல் வகுத்தால் √த = 3, த = 9. ஆனால் த = 0-வும் பொருந்துகிறது. வகுத்தபோது '√த சுழியமல்ல' என்று சத்தமில்லாமல் அனுமானித்துவிட்டோம். வர்க்கப்படுத்தியிருந்தால் த² = 9த, 0, 9 இரண்டும் கிடைத்திருக்கும். சேர்ந்த விடையைச் சரிபார்த்து நீக்கலாம், தொலைந்ததைச் சரிபார்த்து மீட்க முடியாது. எனவே இரண்டில் ஆபத்தானது வகுத்தல்தான்.

மூன்றாவது அடிப்படைச் செய்தியை மறப்பதும் இதே விளைவைத் தரும். √((த − 4)²) = 4 − த என்பதில் இடப்பக்கத்தை த − 4 என்று சுருக்குபவர்களுக்கு த = 4 என்ற ஒரே விடை கிடைக்கும். உண்மையில் இடப்பக்கம் த − 4-இன் மட்டு மதிப்பு. 4 அல்லது அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் தீர்வுகள், எண்ணிக்கை முடிவிலி. வர்க்கப்படுத்தியவர்களுக்கோ இருபக்கமும் ஒன்றாகி, எல்லா எண்களும் தீர்வு என்று தோன்றும். ஒரு கேள்வி, ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் மிகுதி.

வண்டுகளும் கிணறும்

பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு வண்டுக் கணக்கு வருகிறது. கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் அளவு வண்டுகள் மல்லிகையை நாடிப் போய்விட்டன, கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போயிற்று, மீதி ஒரு சோடி. மொத்தம் எத்தனை?

√(த/2) + 8த/9 + 2 = த. தனிமைப்படுத்தினால் √(த/2) = த/9 − 2. √(த/2) = ச என்று வைத்தால் த = 2ச², சமன்பாடு 2ச² − 9ச − 18 = 0. ச = 6 அல்லது −1.5. முதலாவது 72 வண்டுகளைத் தருகிறது: 6 + 64 + 2 = 72. இரண்டாவது 4.5 வண்டுகளைத் தருகிறது. அரை வண்டு கிடையாது என்பதால் தள்ளலாம்தான். ஆனால் அது வண்டுகளாக இல்லாமல் லிட்டர் தண்ணீராக இருந்தாலும் அந்த விடை நிற்காது: √2.25 = 1.5, வலப்பக்கம் 0.5 − 2 = −1.5.

இன்னொன்று இயற்பியலில் நெடுநாளாக உள்ள கணக்கு. கிணற்றில் கல்லைப் போட்டு 3 நொடிகளில் சத்தம் கேட்டால் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? கல் விழும் நேரமும் ஒலி மேலே வரும் நேரமும் சேர்ந்து 3. ஆழம் த மீட்டர், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 (விழும் தூரம் அதன் பாதியான 4.9-ஐ நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது), ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால்:

√(த/4.9) + த/340 = 3.

விழும் நேரம் √(த/4.9) என்பதை ச என்று வைத்தால் 4.9ச² + 340ச − 1020 = 0. மிகை விடை ச ≈ 2.88 நொடி, ஆழம் ஏறக்குறைய 40.7 மீட்டர். குறை விடை ச ≈ −72.27. அதைத் தள்ளாமல் ஆழமாக மாற்றினால் 25,591 மீட்டர், அதாவது 25 கிலோமீட்டருக்கும் மேல்!

அபத்தம் என்று சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அந்த எண் அர்த்தமில்லாமல் வரவில்லை. 25,591 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 75.27 நொடி, அவ்வளவு ஆழம் விழக் கல்லுக்கு 72.27 நொடி. 75.27 − 72.27 = 3. எதிர்க்குறிச் சமன்பாடு கேட்ட கேள்வி இதுதான்: ஒலி எடுக்கும் நேரம் கல் விழும் நேரத்தைவிட 3 நொடி அதிகமாக இருக்கும் ஆழம் எது?

கனமூலத்தில் இந்தத் தொல்லை உண்டா?

கனம் குறியை அழிப்பதில்லை. (−2)³ = −8, 2³ = 8. மெய்யெண்களில் அ³ = ஆ³ என்றால் அ = ஆ மட்டுமே. எனவே ∛(2த + 3) = 3 போன்றவற்றைக் கனப்படுத்தித் தயங்காமல் தீர்க்கலாம்: த = 12.

ஆனாலும் ஒரு பொறி இருக்கிறது. ∛(1 − த) + ∛(1 + த) = −1. இரண்டு கனமூலங்களையும் அ, ஆ என்போம். (அ + ஆ)³ = அ³ + ஆ³ + 3அஆ(அ + ஆ). இதில் அ + ஆ என்ற இடத்தில் −1 என்று பிரதியிட்டால் −1 = 2 − 3அஆ, அஆ = 1, அதாவது 1 − த² = 1. த = 0. பிரதியிட்டால் 1 + 1 = 2, −1 அல்ல. கனப்படுத்தலில் குற்றமில்லை. நடுவில் அ + ஆ-வுக்குப் பதில் −1 என்று எழுதியதுதான் திரும்பி வர முடியாத படி. அந்தக் கணத்தில் அ + ஆ + 1 என்ற காரணியோடு வேறொரு காரணியும் ஒட்டிக்கொள்கிறது, அது அ = ஆ = 1 என்னும்போது சுழியமாகும். த = 0 அதன் விடை.

ஒரு வளைவரை முழுவதும் புறம்பானால்

இதுவரை புறம்பானவை ஒன்றிரண்டு எண்களாகவே வந்தன. நீள்வட்டத்தின் சமன்பாட்டை வருவிக்கும்போது அளவு கூடுகிறது. (4, 0), (−4, 0) என்ற இரண்டு குவியங்களிலிருந்தும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகை 10 ஆக இருக்கும் புள்ளிகள் (த, ச) எவை?

√((த − 4)² + ச²) + √((த + 4)² + ச²) = 10.

இரண்டு முறை வர்க்கப்படுத்தினால் த²/25 + ச²/9 = 1. பாடநூல்கள் இங்கே சரிபார்க்காமல் கடந்துபோகும், அதில் தவறும் நேர்வதில்லை. எதிர்க்குறிச் சமன்பாடுகள் தொலைவுகளின் வித்தியாசம் 10 என்று கேட்கின்றன. குவியங்களுக்கு இடையே 8 அலகுதான் தூரம். முக்கோணத்தின் இரு பக்கங்களின் வித்தியாசம் மூன்றாவது பக்கத்தை மிஞ்சாது. ஆகவே எதிர்க்குறிச் சமன்பாடுகளுக்குத் தீர்வே இல்லை, கலந்துவிட ஆளில்லை.

10-ஐ 6 ஆக மாற்றுங்கள். அதே படிகள் த²/9 − ச²/7 = 1 என்று முடியும். இது அதிபரவளையம். ஆனால் முக்கோண விதிப்படி இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிடக் குறையாது, இடைவெளி 8 இருக்கும்போது கூட்டுத்தொகை 6 ஆகவே முடியாது. தொடங்கிய சமன்பாட்டை ஒரு புள்ளிகூட நிறைவு செய்யவில்லை. கையில் கிடைத்த அதிபரவளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் 'வித்தியாசம் 6' என்று கேட்ட எதிர்க்குறிச் சமன்பாடுகளுக்கே உரியது.